சத்திரம் வழியாகப் பழனிக்கு

திண்டுக்கல் நிலையத்தில் வண்டி நின்றபோது காலை ஆறே முக்கால். தலைமன்னாரில் கப்பலேறி, தனுஷ்கோடியில் இறங்கி, மானாமதுரையிலும் மதுரையிலும் வண்டி மாறி வந்த களைப்பில் நான் முதலில் ஊரைப் பார்க்கவில்லை. மலையைத்தான் பார்த்தேன். மரமோ செடியோ இல்லாத ஒற்றைக் கல், மேலே கோட்டை மதில். சாய்ந்து உட்காரும் திண்டு மாதிரிக் கிடப்பதால் திண்டுக்கல் என்று பெயர் வந்ததாகப் பெட்டியில் எதிரே இருந்தவர் சொன்னார். சொல்லிவிட்டு, தானே அதைக் கொண்டுவந்து அங்கே வைத்தவர் போல் எங்கள் முகத்தைப் பார்த்தார்.

நாங்கள் வந்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். என் கணவர் செல்லத்துரைக்கு வயது ஐம்பது. போன ஆவணியில் அவருடைய வயிற்றைக் கீறி இரைப்பையில் பாதியை எடுத்தார்கள். பிழைத்து எழுந்தால் திண்டுக்கல்லிலிருந்து பழனிக்கு நடந்து வருவதாக அவர் நேர்ந்திருந்தார். அவருடைய தகப்பனார் அந்த வழியில் ஒருமுறை நடந்தவராம். பயணத்துக்கு வைத்தியர் சம்மதித்தார். ஆனால் ஒரு கட்டளை போட்டார். கொஞ்சம் கொஞ்சமாக, பசி வருமுன்னே சாப்பிட்டுவிட வேண்டும். வெறும் வயிற்றோடு நடந்தால் தலை சுற்றி விழுவார். கட்டளையை அவரிடம் சொல்லிப் பயனில்லை என்று தெரிந்து என்னிடம் சொன்னார்.

யாழ்ப்பாணப் பக்கத்தில், அவருக்குக் கத்தி வைத்த ஆஸ்பத்திரியில்தான் எனக்கும் வேலை. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவள் நான். துணிகளை அவித்து, உலர்த்தி, மடித்து, சத்திரசிகிச்சைக் கூடத்து மேசைக்கு விரிப்பு விரிப்பது என் பொறுப்பு. என் கணவரைப் படுக்க வைத்த விரிப்பும் நான் விரித்ததுதான். கதவின் மேல் ‘சத்திரசிகிச்சைக் கூடம்’ என்று எழுதியிருக்கும். வழிப்போக்கர் தங்குமிடத்தை எங்கள் பக்கத்தில் பெரும்பாலும் மடம் என்போம். சத்திரம் என்று சொல்வாரும் உண்டு. ஆனால் பதினெட்டு வருடமாக அந்தக் கதவைத் தள்ளி நுழைகிற எனக்குச் சத்திரம் என்றால் கத்திதான். சஸ்திரம் என்ற வடசொல் தமிழுக்கு வந்து சத்திரமாயிற்று, ஆயுதம் என்று பொருள் என்று சைவப் பள்ளியில் வாத்தியார் சொல்லித் தந்ததும் நினைவிருக்கிறது.

நிலையத்து வாசலில் காப்பி பன்னிரண்டு நயா பைசா. ஜட்கா வண்டிக்காரர் ஒருவர் எங்கள் பேச்சைக் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, “மலையாளமாண்ணே?” என்றார்.

“தமிழ்தான் தம்பி. யாழ்ப்பாணம்.”

“அட, சிலோனு! அங்கிட்டுத் தமிழ இப்படி இழுத்தா பேசுவாக? சரி, பழனிக்குத்தானே. பஸ்ஸுல ஏறுங்க, ஒண்ணேகா ரூவா. உக்காந்த மேனிக்குப் போயிறலாம்.”

“நடந்துதான் போக வேணும். முதல் நாள் எந்த மட்டும் போகலாம்?”

“பைய நடந்தா பொழுது சாய சத்திரம் போயிறலாம்.”

“எந்தச் சத்திரம்?”

“இந்த ரோட்டுல எந்தச் சத்திரமுன்னுதான் கேக்கணும். மொதல்ல ரெட்டியார்சத்திரம், ஒம்பது மைலு இருக்கும். அப்புறம் ஒட்டன்சத்திரம். அதுக்கும் அங்கிட்டு சத்திரப்பட்டி. அம்புட்டும் சத்திரந்தான்.”

என் கணவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். “கேட்டீரோ? மூண்டு இடத்திலை என்னை வெட்டப் போகினம்.”

எனக்கும் சிரிப்பு வந்தது. இட்லி வாங்கி மடியில் கட்டிக்கொண்டேன். முப்பத்தாறு மைலையும் பாதி வயிற்றோடு அவர் கடக்க வேண்டும்.

எட்டரை மணிக்கு ஊரை விட்டோம். முதுகுக்குப் பின்னால் சிறுமலை நீலமாகக் கிடந்தது. இடது கைப் பக்கம் கொடைக்கானல் மலைகள் கூடவே வந்தன. சாலை இருபுறமும் புளியமரங்கள். வெங்காயப் பாத்திகள், புகையிலை, பருத்தி. கிணற்று மேட்டில் மாடுகள் முன்னும் பின்னும் நடந்து கவலையில் தண்ணீர் இறைத்தன. தைப்பூசம் நெருங்கியதால் முன்னும் பின்னும் நடைக்காரர்கள். காவடிக்காரர்களுக்கு வழிவிட்டு நாங்கள் ஓரமாக நடந்தோம். மடியில் கட்டியிருந்த இட்லியை மைலுக்கு ஒன்றாக அவருக்குக் கொடுத்தேன். குழந்தைக்கு ஊட்டுவது போல் இருக்கிறதென்று அவருக்குக் கோபம்.

அவர் சுபாவத்தைப் பற்றியும் எழுத வேண்டும். சிறு வயதிலேயே தாய் தகப்பனை இழந்து, ஒரு உறவினர் வீட்டில் வளர்ந்தவர். அங்கே சாப்பாட்டுக் கோப்பையில் சோறு விழும்போதெல்லாம் ஒரு சொல்லும் விழுமாம். உழைக்கத் தொடங்கிய நாள் முதல் பிறர் வீட்டில் சும்மா ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். கல்யாண வீட்டுக்குப் போனாலும் மொய் கொடுத்த பிறகுதான் பந்தியில் உட்காருவார். வழியில் தருமத்துக்கு நீர்மோர் ஊற்றினார்கள். குடித்துவிட்டுக் காசை நீட்டினார். வாங்க மறுத்தார்கள். சட்டியின் பக்கத்தில் வைத்துவிட்டு வேகமாக நடந்தார்.

மாலையில் ரெட்டியார்சத்திரம். நடைக்காரர்களுக்காகப் போட்டிருந்த தென்னங்கீற்றுப் பந்தலில் இடம் கிடைத்தது. பக்கத்துத் தேநீர்க் கடையில் காக்கி அரைக்கால் சட்டையும் நெற்றி நிறைய விபூதியுமாக ஒருவர் எங்களோடு பேச்சுக் கொடுத்தார். பெயர் கருப்பணன். பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அந்தப் பக்கத்துக்காரர்தான். ஆண்டு தோறும் நடக்கிறாராம். எங்கள் ஊரில் சத்திரம் என்றால் வைத்தியர் கத்தி வைப்பது என்று என் கணவர் சொன்னதும் அவர் தேநீர்க் கிளாஸைக் கீழே வைத்தார்.

“அண்ணே, இதக் கேளுங்க. சண்டை நேரத்துல எங்கள அஸ்ஸாமுக்கு அனுப்புனாய்ங்க. அங்க ஆத்துக்கு நடுவுல ஒரு எடத்தக் காட்டி, இது சத்திரமுன்னான் ஒருத்தன். அவுக வாயில அது ‘ஹத்ரோ’ மாதிரி வருது. எழுதுறப்ப என்னவோ ‘ச’ன்னுதான் எழுதுவாகளாம். சரி, சோறு கெடைக்குமுன்னு நானும் ரெண்டு பேரும் ஓடுறோம். உள்ள போனா அம்புட்டும் சாமியாருக. மத்தளம் அடிச்சுப் பாடிக்கிட்டு இருக்காக!”

“சாப்பாடு?”

“ஊறவச்ச பயறும் வாழைப்பழமும் குடுத்தாக. கும்புட்டு வாங்கிக்கிட்டோம். அப்புறம் டில்லிப் பக்கம் போனா, அவய்ங்களுக்கு ‘சத்ர்’ன்னா சபை கூடுற காலம். பள்ளிக்கூடம் நடக்குற காலமும் அதானாம். ஊருக்கு ஊரு ஒண்ணு. ஆனா தங்கச்சி,” என்று என் பக்கம் திரும்பினார், “எந்த நேரத்துல போனாலும் சோறு போடுறது நம்ம சத்திரந்தான். அது இந்தப் பக்கத்துக்காரனுக்கு ஒரு மெதப்பு.”

எனக்குப் புது மனிதரோடு பேச வராது. தலையை மட்டும் ஆட்டினேன். படுக்கும்போது மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தேன்: கத்தி, மடம், சபை, சோறு. இத்தனையையும் ஒரே சொல் சுமந்துகொண்டு திரிகிறதே என்று வியப்பாக இருந்தது.

இரண்டாம் நாள் விடியுமுன் கிளம்பினோம். கருப்பணனும் கூட வந்தார். அன்றுதான் தவறு நேர்ந்தது. வழியில் காப்பிக் கடை இருக்கும் என்று நம்பி இட்லி வாங்காமல் வந்துவிட்டேன். எங்களுக்கு முன்னே போன கூட்டம் கடைகளைத் துடைத்து வைத்திருந்தது. ஒரு கடையில் அடுப்பே அணைந்துவிட்டது. இன்னொன்றில் பொரிகடலை கொஞ்சம் கிடைத்தது. பதினோரு மணிக்கு வெயில் ஏறியது. அவர் பேச்சை நிறுத்தினார். தலை சுற்றப் போவதற்கு அதுதான் அடையாளம். மேலுதட்டில் வேர்வை அரும்பியிருந்தது.

“செத்த நேரம் பல்லக் கடிச்சுக்கிட்டு வாங்கண்ணே. ரங்கம்மா சத்திரம் வந்துருச்சு” என்றார் கருப்பணன்.

ஒட்டன்சத்திரத்துக்கு நாலு மைல் முன்னால், சாலையை ஒட்டி இரண்டு ஆலமரங்களுக்கு நடுவே அது இருந்தது. கல் தூண்கள், நீளமான கூடம், பின்னால் கிணறு. நடைக்காரர் மட்டுமல்ல, சந்தைக்குப் போகிறவர்கள், வண்டிக்காரர்கள், யார் வந்தாலும் உச்சிப் பொழுதில் சோறு. ரங்கம்மா ஐம்பது வயதுக்காரி. வீட்டில் தெலுங்கு, வெளியே தமிழ். அவருடைய மாமனார் காலத்திலிருந்து அந்தக் குடும்பம் நிலத்து வருமானத்தில் அதை நடத்துகிறது. எங்களைப் பார்த்ததும் பேரையோ ஊரையோ சாதியையோ கேட்கவில்லை. “எத்தனை இலைங்க?” என்று மட்டும் கேட்டார்.

கருப்பணன் குளிக்கக் கிணற்றடிக்குப் போய்விட்டார். அவர் கூட இருந்திருந்தால் முன்கூட்டியே வழக்கத்தைச் சொல்லியிருப்பார். முந்திய பந்தி எழுந்துகொண்டிருந்தது. எழுந்தவர்கள் கை கழுவிவிட்டுத் திரும்பி வந்து ஏதோ செய்துவிட்டுப் போனார்கள். நான் கவனிக்கவில்லை. என் கணவரை உட்கார வைப்பதிலேயே என் கவனம் முழுதும் இருந்தது. கூடம் முழுக்கப் புது இலைகள், தண்ணீர் தெளித்து, ஓரத்தில் உப்பு வைத்துப் போட்டிருந்தார்கள். உட்கார்ந்தோம். நாற்பது பேர் இருக்கும்.

அவர் இடுப்பிலிருந்து ஒரு ரூபாயை எடுத்து இலையின் நுனியில் வைத்தார்.

சோற்றுக் கூடையோடு வந்த ரங்கம்மா நின்றார். “காச எடுத்துருங்க. இங்க வாங்கறதில்லீங்க.”

“சும்மா சாப்பிட்டு எனக்குப் பழக்கமில்லை அம்மா.”

“சும்மாவும் இல்லைங்க, காசுக்கும் இல்லைங்க. பசிக்குத்தானுங்க.”

“அப்ப எனக்குப் பசியில்லை” என்று எழுந்துவிட்டார். எழுந்தபோது தூணைப் பிடித்துக்கொண்டார்.

ரங்கம்மா கூடையைத் தரையில் வைத்தார். போட்ட இலை எல்லாவற்றிலும் ஆள் உட்கார்ந்த பிறகுதான் அங்கே முதல் கை சோறு விழும். ஒரு இலை காலியாக இருந்தாலும் பந்தி தொடங்காது. இது எங்களுக்குத் தெரியாது. பந்தியிலிருந்து சத்தம் வந்தது.

“ஏலே, யார்ரா அது, பந்திய நிப்பாட்டிட்டு நிக்கிறது? இங்க கொடலு காயுது!”

“மைனரு காசு குடுத்துத்தான் திம்பாராம்!”

“அப்படின்னா கிளப்புக் கடைக்குப் போகச் சொல்லுப்பு!”

எனக்கு நிலம் பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்றிருந்தது. அப்போதுதான் வாசலில் நின்ற ஒருவரைக் கண்டேன். முந்திய பந்தியில் சாப்பிட்டவர். முப்பத்தைந்து வயதிருக்கும். கழுத்தில் சிலுவைக் கயிறு. கைகள் இரண்டும் முழங்கை வரை செம்பழுப்பாகச் சாயம் ஏறியிருந்தன. தோலை ஆவாரம்பட்டைத் தண்ணீரில் ஊறப்போட்டு எடுக்கும் கைகள் அவை. திண்டுக்கல்லில் இறங்கியபோதே தோல் ஷாப்பு ஆட்கள் சிலரின் கைகளை அப்படிப் பார்த்திருந்தேன். அவர் என் கணவர் விட்டு எழுந்த இலையைப் பார்த்தார். பிறகு தன் கைகளைப் பார்த்தார். கைகளை வேட்டியில் துடைத்துவிட்டு, முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்விட்டார்.

“வேற எல போடச் சொல்லுங்கம்மா” என்றார், ரங்கம்மாவிடம், மெல்ல. “நான் போட்டது பிடிக்கலை போல. வெளியூர்க்காரர். தப்பில்லை.”

“அந்தோணி, நீ சும்மா இரு. போட்ட எல போட்டதுதான். என் மாமனார் நாள்ல இருந்து இங்க எல மாத்துனது கெடையாது.” ரங்கம்மாவின் குரல் தடித்துவிட்டது. அந்தோணியின் கைக்காகத்தான் எழுந்தார் என்று கூடத்திலும் நினைத்துவிட்டார்கள். எல்லோரும் என் கணவரைப் பார்த்த பார்வை மாறிவிட்டது.

அவருக்கு எதுவும் விளங்கவில்லை. தலை சுற்றலோடு தூணில் சாய்ந்து நின்றார். அவர் வாயைத் திறந்தால் மறுபடியும் காசைத்தான் பேசுவார் என்று எனக்குத் தெரியும். நான் பேசாவிட்டால் அந்த மனிதர் கையைப் பின்னால் வைத்துக்கொண்டே ஒட்டன்சத்திரம் வரை நடந்து போவார் என்பதும் தெரிந்தது.

நான் எழுந்தேன். அத்தனை ஆண்களுக்கு நடுவில் அதற்கு முன் நான் பேசியதில்லை, பிறகும் இல்லை.

“தம்பி, உங்கடை கைக்காக இவர் எழும்பேல்லை. உங்கடை கர்த்தர் அறியச் சொல்லுறன். சின்ன வயசிலை சோத்துக்குப் பேச்சுக் கேட்டு வளர்ந்த மனுசன். யார் வீட்டிலையும் சும்மா சாப்பிட மாட்டார், என்ரை தாய் வீட்டிலையும்தான். வயித்தை வெட்டிப் பாதியை எடுத்துப் போட்டினம். பெருமையை மட்டும் ஒருத்தரும் வெட்டேல்லை. அது முழுசா இருக்குது!”

பிறகு பந்தியின் கடைசியிலிருந்து ஒரு கிழவர் கொக்கரித்துச் சிரித்தார். கூடம் முழுக்கச் சிரிப்பு பரவியது. அந்தோணியும் சிரித்துவிட்டார்.

என் கணவர் சிரிக்கவில்லை. அந்தோணியின் பக்கம் திரும்பி, “இந்த இலை நீங்கள் போட்டதோ?” என்று கேட்டார்.

“ஆமாங்க. சாப்ட்டு எந்திரிக்கிறவுக அந்த எடத்துல அடுத்த ஆளுக்கு எல போட்டு, தண்ணி தெளிச்சு, உப்பு வச்சுட்டுப் போகணும். இங்க அதான் வழக்கம். எனக்குப் போட்டது ஒரு பூக்காரம்மா. யாருன்னுகூடத் தெரியாது.”

“காசை எடுத்துக்கிட்டு உக்காருங்க” என்றார் ரங்கம்மா. “எந்திரிக்கையில நீங்களும் ஒரு எல போடுங்க. இங்க அதுக்கு மேல யாரும் யாருக்கும் கொடுக்கறதும் இல்லை, வாங்கறதும் இல்லைங்க.”

என் கணவர் இலையைப் பார்த்தார். பிறகு ரூபாயை எடுத்து மடியில் செருகினார். “தம்பி, நான் சாப்பிட்டு முடியுமட்டும் நிப்பீங்களோ?” என்று அந்தோணியைக் கேட்டுவிட்டு உட்கார்ந்தார்.

சோறு, மொச்சைக் குழம்பு, பூசணிக்காய் வெஞ்சனம், மோர். அவர் கொஞ்சமாகத்தான் சாப்பிட்டார், மெதுவாகச் சாப்பிட்டார். திருமணமாகி இருபத்து மூன்று வருடத்தில், யாரோ ஒருவர் போட்ட சோற்றை அவர் தலை குனியாமல் சாப்பிட்டதை அன்றுதான் பார்த்தேன்.

எழுந்ததும் இலைக்கட்டில் நல்ல இலையாகத் தேடி எடுத்தார். துடைத்தார். நுனி இடப்பக்கம் வரும்படி போட்டார். கோணலாக இருக்கிறதென்று திருப்பிப் போட்டார். தண்ணீர் தெளித்தார், உப்பு வைத்தார். வளையல் பெட்டியை இறக்கிவிட்டு ஒருவர் வந்து அந்த இலைக்கு முன்னால் உட்கார்ந்தார். அவர் முதல் வாய் எடுத்து வைக்கும் வரை என் கணவர் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. பக்கத்தில் அந்தோணி, கைகளை முன்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

குளித்து வந்த கருப்பணனுக்கு எல்லாவற்றையும் ஆளுக்கு ஆள் சொன்னார்கள். “நான் செத்த நேரம் அங்கிட்டுப் போனா இம்புட்டுக் கூத்தா?” என்று தலையில் அடித்துக்கொண்டார்.

ஆலமர நிழலில் ரங்கம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். எங்கள் ஊரில் சத்திரம் என்பது எது என்று சொன்னேன்.

“அய்யய்யோ! வயித்தக் கிழிக்கிற எடமா? நாங்க வீட்டுல சத்ரமுன்னு சொல்லுவோங்க. அந்தக் காலத்துல மாசக்கணக்கா யாகம் நடக்குமாம், அதுக்குத்தான் அந்தப் பேராம். யாகத்துக்கு வந்த அத்தனை பேருக்கும் சோறு போட்டாங்களாம். நெருப்பு போயிருச்சு, சோறு தங்கிருச்சுன்னு எங்க மாமா சொல்லுவாருங்க.” பிறகு என் கையைப் பிடித்தார். “உங்க சத்திரத்துல உசுரு குடுத்தாங்க. எங்க சத்திரத்துல சோறு போட்டோம். போதுங்க, ஒண்ணு பின்னால ஒண்ணு வந்துருச்சு.”

அப்படியானால் எங்கள் கதவில் எழுதியிருப்பதும் இந்தச் சாலையில் எழுதியிருப்பதும் ஒரே சொல் அல்ல. எங்கோ வேறு வேறு இடத்தில் பிறந்த இரண்டு சொற்கள் தமிழுக்குள் வந்து ஒரே எழுத்தை உடுத்திக்கொண்டிருக்கின்றன. நான் படித்த எட்டாம் வகுப்புக்கு இதற்கு மேல் விளங்கவில்லை.

அன்றிரவு ஒட்டன்சத்திரம், மறுநாள் சத்திரப்பட்டி. வழியில் காதில் விழுந்த பேச்சில் ‘ஏனுங்க’ கூடிக்கொண்டே வந்தது. நாலாம் நாள் காலையில் ஆயக்குடித் தோப்புகளைத் தாண்டியதும் பழனி மலை தெரிந்தது. அவர் ஒவ்வொரு படியாக ஏறினார். மாலையில் சுவாமி புறப்பட்டபோது வெண்பட்டுக் குடை பிடித்தார்கள். “சத்திரம், சாமரம் எல்லாம் வரட்டும்” என்று யாரோ கூவினார். குடைக்கும் அந்தப் பெயர்தானாம். கருப்பணன் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். “இந்தா இன்னொண்ணு, தங்கச்சி!”

திரும்பும்போது பழனியிலிருந்து ரயிலேறினோம். நாலு நாள் நடந்த வழி இரண்டரை மணி நேரத்தில் பின்னால் போயிற்று. ஆலமரங்கள் தெரியுமா என்று அவர் ஜன்னலில் தலையை வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தார். தண்டவாளம் சாலையை விட்டு விலகிப் போனதால் தெரியவில்லை.

ஊருக்கு வந்த மூன்றாம் நாள் வேலைக்குப் போனேன். கதவின் மேல் அதே எழுத்து. உள்ளே மேசையிலிருந்து ஒருவரை இறக்கிக் கொண்டுபோனார்கள், அடுத்தவர் வெளியே தள்ளுவண்டியில் படுத்திருந்தார். வயதான மனுசி. பயத்தில் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். பெயர், ஊர் எதுவும் எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை.

அவித்த விரிப்பை எடுத்து மேசையில் விரித்தேன். ஓரம் கொஞ்சம் கோணலாக இருந்தது. எடுத்துத் திருப்பிப் போட்டேன்.